இரண்டு ஊரின் எழுநூற்றுப் பன்னிரண்டு

பிழை ஒன்றுமில்லை என்று ஒரு வேலை தானே முன்வந்து சொன்னால், பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடத் தொடங்குவது என் பழக்கம். பத்திரப்பதிவு அலுவலகங்களில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவனுக்கு அது தொழில். ஓய்வு பெற்ற அன்று தொழிலை அங்கே ஒப்படைத்துவிட்டு நோயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று என் மனைவி சொல்வாள். காய்கறிக்காரர் எடை போடும்போது நான் தராசைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைப் பார்க்கிறேன் என்பது அவளுடைய நிரந்தரப் புகார்.

அந்த நோய்க்கும் ராஜபாளையத்தில் ஒரு வேலை கிடைத்தது. முன்பு நூல் பேல்கள் அடுக்கியிருந்த கிட்டங்கி ஒன்றில், பழைய பத்திரங்களைத் தேடித் தரும் தனியார் நிறுவனம் நடக்கிறது. வக்கீல்களும் நிலக்காரர்களும் தங்களிடமிருக்கும் பத்திரங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை ஸ்கேன் செய்து, வாசகத்தைத் தட்டச்சு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். பிறகு தாத்தாவின் பெயரையோ சர்வே எண்ணையோ அடித்தால், பத்திரம் திரையில் எழுந்து வரும். அரசாங்கத்தின் புத்தகம் அரசாங்கத்திடம் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையில் வராத பத்திரம் உலகத்திலேயே இல்லை என்று நம்பும் வக்கீல்கள் இப்போது பெருகிவிட்டார்கள்.

இதே போன்ற கடை ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலும், கோர்ட்டுக்குப் பக்கத்தில், வேறொருவர் வைத்திருந்தார். ராஜபாளையத்துக் கடையில் ராஜபாளையத்தில் பதிவான பத்திரங்கள் மட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் அந்த ஊரில் பதிவானவை மட்டும். இரண்டு கடைகளும் தொடங்கிய காலத்தில் இருவருமே என்னிடம் வந்து யோசனை கேட்டார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். இருவருக்கும் ஒரே யோசனையைத்தான் சொன்னேன். அதில் எனக்கு அப்போது ஒரு பெருமை.

சென்ற ஆண்டு ராஜபாளையத்து முதலாளி அந்தக் கடையையும் வாங்கிவிட்டார். இரண்டு கடைகளின் சரக்கையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும், அதைச் சரிபார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று என்னை வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொன்னார்.

சேர்க்கும் வேலை ஒரு பெண்ணிடம் இருந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சேத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற அவசரம் பத்து மணி வரைக்கும் அவள் முகத்தில் இருக்கும். முதல் நாள் எனக்கு விளக்கம் சொன்னாள்.

“சார், ஒங்க ஆபீஸ்ல பேர் வாரியா ஒரு அட்டவணை, சொத்து வாரியா ஒரு அட்டவணை இருக்கும்லா. அதே மாதிரி இங்க இன்டெக்ஸ். எந்த வார்த்தை எந்தப் பத்திரத்துல கெடக்குன்னு அதுக்குத் தெரியும். ஒரு மிஷின்ல வச்சா தாங்காதுன்னு நாலு மிஷின்ல பிரிச்சு வச்சிருக்கோம். அந்த நாலையும் சேத்து கிளஸ்டர்னு சொல்லுவோம். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு தூக்கிக்கிடும்.”

“நாலும் சேந்து படுத்தா?”

“அதுக்குத்தான் நீங்க இருக்கியளே சார்.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முதல் நாளே சிரிக்க வைப்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு கேள்வி உண்டு.

இரண்டு ஊர்களிலும் பழைய கிளஸ்டர் ஒவ்வொன்று. கிட்டங்கியின் மாடியில் ஏ.சி. போட்ட அறையில் புதிய கிளஸ்டர் ஒன்று. பழைய இரண்டிலிருந்தும் புதியதற்கு நகலெடுக்க வேண்டும். நகலெடுப்பதற்கு முன்பு புதியதில் எந்தக் கட்டத்தில் பெயர், எந்தக் கட்டத்தில் எண் என்று கோடு போட்டு வைக்க வேண்டுமாம். நகல் அதைத் தானாகக் கொண்டுவராது. எந்த ஊர் மிஷினிடமிருந்து வாங்கலாம் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைத்தால்தான் புதியது வாங்கிக்கொள்ளுமாம். இந்த இரண்டாவது விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. சந்தேகப்படத் தெரிந்த ஓர் இயந்திரம்.

“நகல யாரு படிப்பா? யாரு ஒப்பிடுவா?” என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் பத்திரத்தைக் கையால் புத்தகத்தில் நகலெழுதிய காலத்தில், அடியில் மூன்று கையொப்பங்கள் இருக்கும். எழுதியவர், படித்தவர், ஒப்பிட்டவர். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே போவார். படித்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிப்போய், ஒப்பிட்டவர் மட்டும் தலையாட்டிக்கொண்டே இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மூன்று பேர். மூன்று பேரும் சேர்ந்து தப்புச் செய்ய வேண்டுமானால் கொஞ்சம் ஒற்றுமை வேண்டும். ஒற்றுமை எங்கள் அலுவலகத்தில் கிடைக்காத பொருள்.

“இதுல எழுதுறது, படிக்கிறது, ஒப்பிடுறது எல்லாம் மிஷினே பாத்துக்கிடும் சார்.”

“திருடனும் அவனே, ஏட்டையாவும் அவனேவா?”

“பழசு அங்கயே கெடக்கும்லா. சந்தேகம் வந்தா எடுத்துப் பாத்துக்கிடலாம்.”

நகல் முடிந்த பிறகும் பழையதை அழிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். இதை நான் குறித்துக்கொள்ளாமல் விட்டது பிறகு எனக்கே அவமானமாகப் போயிற்று.

நகலெடுத்த நாளன்று காலை ஒன்பது மணிக்கு ராஜபாளையத்து இன்டெக்ஸைத் தொடங்கினாள். ஆயிரம் ஆயிரமாக அள்ளி அள்ளிப் போட்டு, பன்னிரண்டு மணிக்குள் முடிந்தது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். அது பாதியில் இருக்கும்போது அங்கே மின்சாரம் போயிற்று. வந்த பிறகு முதலிலிருந்து திரும்ப ஓட்டினாள். நாலு மணிக்கு முடிந்தது. திரையில் வந்த அறிக்கையை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்தம், புதிதாக எழுதியவை, மேலெழுதியவை, முரண்பாடு, தோல்வி என்று ஐந்து இனங்கள். முரண்பாடு பூஜ்யம். தோல்வி பூஜ்யம். மொத்தம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எண்ணிக்கையோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தியது. மேலெழுதியவை மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்தன.

“புதுசா தொறந்த புஸ்தகத்துல மேலெழுத்து எங்க இருந்தும்மா வந்துச்சு?”

“மொதத் தடவ பாதில நின்னுச்சுல்லா சார். அதுல போனது ஏற்கெனவே உள்ள கெடக்கு. ரெண்டாவது தடவ ஓட்டும்போது அது மேலயே திரும்ப எழுதிருக்கும். அதத்தான் காட்டுது.”

நியாயமான பதில். நியாயமான பதிலைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். ஆனால் மணி நாலரை. வீட்டுக்குப் போகும் டவுன் பஸ் போய்விடும். நோட்டில் ‘விளக்கம் பெறப்பட்டது’ என்று எழுதி மூடிவிட்டேன். என் பணிக்காலத்தில் இந்த இரண்டு சொற்களை எழுதியவர்கள் எத்தனையோ பேரிடம் நானே விளக்கம் கேட்டிருக்கிறேன்.

மறு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வக்கீல் போன் செய்தார்.

“சார், ராஜபாளையத்துல பதிவான விடுதலைப் பத்திரம் ஒண்ணு. எழுநூத்திப் பன்னெண்டாம் நம்பர். போன மாசம் ஒங்க திரையில பாத்தேன். இப்ப எப்படித் தேடினாலும் காணோம். ஒங்க கம்ப்யூட்டரும் எதிர்க்கட்சியோட சேந்துக்கிடுச்சா?”

ஆண்டையும் சொன்னார். ஒரு பத்திரத்துக்கு இந்த மிஷின்களில் அடையாளம் அதுதான்: ஆவண எண், ஆண்டு. நான் கிட்டங்கிக்குப் போய் அந்தப் பெண்ணை உட்கார வைத்தேன்.

“ஒரு பத்திரத்த எங்க ஆபீஸ் வழக்கப்படி ஒப்பிடப் போறோம். எழுநூற்றுப் பன்னிரண்டு. மொதல்ல பழையதுல இருக்கிறதப் படி.”

அவள் ராஜபாளையத்துப் பழைய கிளஸ்டரில் எடுத்தாள். “விடுதலைப் பத்திரம். சேத்தூர் கிராமம், தென்னந்தோப்பு, தம்பிக்கு அண்ணன் தன் பாகத்தை விட்டுக்கொடுத்து…” சட்டென்று நிறுத்தினாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல சார்.”

“இப்பப் புதுசுல படி.”

“கிரயப் பத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன். ஓட்டு வீடும் காலி மனையும்…”

இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். அதே எண். அதே ஆண்டு. உள்ளே இருக்கும் பத்திரம் வேறு. காணாமல் போனதைக்கூட நான் மன்னிப்பேன். அட்டையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே தாளை மாற்றுவதை என் பணிக்காலத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் உள்ளே இருந்த ஆள்தான்.

“பழைய பத்திரத்துல எழுதிக் கொடுத்தவர் பேரப் படி.”

அவள் படித்தாள். பிறகு தானே சொன்னாள்.

“எங்க மாமனார் சார் அவிய.”

வக்கீலிடம் திரும்ப விசாரித்தேன். மாமனார் இப்போது இல்லை. தன் பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். அந்தத் தம்பிதான் வக்கீலின் கட்சிக்காரர். தோப்பில் பங்கு கேட்டு அவர்மீது வழக்குப் போட்டிருப்பவர், இந்தப் பெண்ணின் கணவருக்கு அண்ணன். விடுதலைப் பத்திரம் கண்ணில் படாமல் இருந்தால் யாருக்கு லாபம் என்று கேட்க, சட்டப் படிப்புத் தேவையில்லை.

அன்றிலிருந்து தினமும் போனேன். அவள் செய்த எல்லாமே எனக்குச் சாட்சியாயிற்று. போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் அறைக்குள் வந்ததும் திரையில் ஒரு சன்னலை மூடினாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். மறுநாள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். இரண்டையும் எழுதிக்கொண்டேன். சந்தேகத்துக்கு எந்தத் தீனியும் ஒத்துக்கொள்ளும்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் யாருடனோ போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். “சரே, சரே” என்று அதை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பிள்ளையா சார்? நாலு வருசமா இருக்கே. ஒரு குண்டூசி எடுத்ததில்ல.”

“குண்டூசி எடுக்கிறவங்க பத்திரம் எடுக்க மாட்டாங்க தம்பி.”

அவர் போனை மேசையில் வைத்தார். “எழுத்துல குடுங்க. ஒங்க கையெழுத்துல இருந்தா எனக்குப் போதும். திங்கக்கெழமை வேலைய விட்டு நிறுத்திருதேன். இந்தச் சேதி வக்கீலுங்க காதுக்குப் போச்சுன்னா, பொறவு ஒருத்தனும் நம்ம பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான்.”

எழுதினேன். பொருள், பார்வை, நிகழ்வுகள், பரிசீலனை, முடிவு என்று நாலு பக்கம். கூறியது கூறாமல், ஒரு சொல் கூடாமல். ‘மேற்படி பணியாளருக்கு மேற்படி ஆவணத்தில் குடும்ப வழியில் ஆதாயம் உள்ளது’ என்ற வரியை எழுதி முடித்தபோது எனக்கு ஒரு திருப்தி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓய்வுக்குப் பின் வந்த முதல் திருப்தி. வெள்ளிக்கிழமை காலை உறையில் வைத்துக் கொடுத்தேன். முடிவு தெரியும்வரை வர வேண்டாம் என்று மத்தியானமே அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

அவள் சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வரும்போது நான் வாசலில் நின்றேன். தவிர்த்திருக்கலாம். ஆனால் போகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதும் பரிசீலனையில் சேர்ந்தது என்று எனக்கு ஒரு கொள்கை.

“சார், ஒண்ணு கேக்கட்டா? அந்தப் பத்திரத்த நான் மறைக்கணும்னு நெனச்சிருந்தா பழசுல இருந்தும்லா எடுத்திருப்பேன்? பழச அழிக்க வேண்டாம்னு நீங்க சொன்னப்ப, சரின்னு சொன்னது யாரு?”

“கெட்டிக்காரங்க அப்படித்தான் ஒண்ண விட்டு வைப்பாங்க.”

“அப்ப நான் அழிச்சாலும் திருடி, அழிக்காட்டாலும் திருடி.” அவள் குரலை உயர்த்தவில்லை. “எங்க மாமனாரு எழுதிக் குடுத்தது சேத்தூருக்கே தெரியும். எங்க வீட்டுக்காரரு அவிய அண்ணன் கூடப் பேசி ரெண்டு வருசமாச்சு, இந்த வழக்காலதான். நீங்க அதெல்லாம் கேக்கல. சரி, போகட்டும். காணாமப் போனது மொத்தம் எம்புட்டுன்னாவது எண்ணிப் பாத்தியளா?”

நான் உள்ளே போகத் திரும்பினேன்.

“ஒண்ணப் பாத்திய. அதுல எங்க மாமனார் பேரு இருந்துச்சு. அதோட நிறுத்திட்டிய.”

சேத்தூர் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்து போனாள். இந்த வேலை போய்விட்டால், இதே படிப்புக்கு இந்த ஊரில் இன்னொரு வேலை கிடையாது. சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும், பையனைப் பிரிந்தோ பையனோடோ. திருட்டுப் பட்டத்தோடு போனால் அங்கேயும் கிடைக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருந்தேன்.

ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தாயா? எண்ணுவதற்காகவே சம்பளம் வாங்கியவனைப் பார்த்து, எண்ணினாயா என்று கேட்டுவிட்டாள். இரண்டு கடைகளின் எண்ணிக்கையையும் தனித்தனியாக ஒப்பிட்டு இரண்டு டிக் போட்டிருந்தேன். இரண்டும் சேர்ந்து புதியதில் எத்தனை இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அவளுக்காக அல்ல. இல்லாத ஓர் ஓட்டு வீட்டுப் பத்திரத்தைப் புனைந்து உள்ளே வைத்திருக்கிறாள் என்பதை நிரூபித்துவிட்டால், என் அறிக்கையில் ஐந்தாம் பக்கம் சேர்க்கலாம் என்ற நினைப்பில்தான்.

அந்தக் கடையில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் குமாஸ்தா ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னைக் கண்டதும் எழுந்தார்.

“வாங்க அய்யா. செத்த நேரம் உக்காருங்க, காப்பி சொல்லுதேன்.”

“காப்பி இருக்கட்டும். எழுநூற்றுப் பன்னிரண்டு, ஓட்டு வீடு. அப்படி ஒரு பத்திரம் இங்க வந்ததா?”

ஆண்டைச் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து வந்தார். உள்ளே ஓட்டு வீடும் காலி மனையும், மஞ்சளேறிய நகலாக, முத்திரையோடு இருந்தன. புனைவு இல்லை. கோப்பின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ‘712’, கீழே ஆண்டு. ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அப்படி ஏழு எழுதுகிறவன் இந்த இரண்டு ஊர்களிலும் நான் ஒருவன்தான்.

“அய்யா எழுதுனதுதான்,” என்றார் குமாஸ்தா சந்தோஷமாக. “கட தொறந்தப்ப மொத நூறு கோப்புக்கு அய்யாவே சீட்டு எழுதிக் குடுத்தியள்லா. அந்தத் தாளக்கூட நான் இன்னும் எடுக்கல.”

பீரோக் கதவின் உட்புறத்தைக் காட்டினார். அங்கே ஒரு துண்டுத் தாள், என் கையெழுத்தில்: ‘ஒவ்வொரு பத்திரத்துக்கும் அடையாளம்: ஆவண எண், ஆண்டு. வேறெதுவும் தேவையில்லை.’ கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் கோடு போட்டிருந்தேன்.

ராஜபாளையத்திலும் இதே வாசகத்தைத்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தந்த ஊருக்குள் அது சரிதான். ஆனால் ஆவண எண் என்பது ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் ஜனவரி முதல் தேதியன்று ஒன்றிலிருந்து தொடங்கும். ராஜபாளையத்தில் ஓர் எழுநூற்றுப் பன்னிரண்டு உண்டென்றால், அதே ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஓர் எழுநூற்றுப் பன்னிரண்டு உண்டு. எந்த அலுவலகம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர்களை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்பேன்! ‘வெறும் கதவு நம்பரச் சொன்னா தபால்காரர் எந்தத் தெருவுக்குப் போவார்?’ என்று கேட்டு அவமானப்படுத்தியும் இருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். ராஜபாளையத்துச் சரக்கு முதலில் போயிற்று. பின்னால் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பத்திரம், அதே அடையாளத்தோடு ஒன்று உள்ளே இருப்பதைக் கண்டு, அதுவும் தானும் ஒன்றே என்று நம்பி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. இயந்திரம் தோல்வி என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதன் கணக்கில் அது தோல்வி இல்லை. மேலெழுதியது என்று ஒழுங்காகச் சொன்னது. நான்தான் விளக்கம் பெற்றுக்கொண்டேன்.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. பழக்கம் விடுமா? குமாஸ்தாவிடம் இரண்டு கடைகளிலும் இருக்கக்கூடிய எண்கள் இருபதைக் குறித்து வாங்கிக்கொண்டு, ராஜபாளையத்துக் கிட்டங்கியில் சனிக்கிழமை இருந்த தட்டச்சுப் பெண்ணுக்குப் போன் செய்து, ஒவ்வொன்றையும் பழையதிலும் புதியதிலும் படிக்கச் சொன்னேன். இருபதிலும் ராஜபாளையம் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் இருந்தது. அப்படிப் போனதில் ஒன்று முதலாளி வீட்டு மனை. கடைசியாக என் வீட்டுப் பத்திரத்தின் எண்ணைச் சொன்னேன்.

“மாட்டுத் தொழுவம்னு வருது சார். ஸ்ரீவில்லிபுத்தூர்.”

“சரியாப் படிம்மா.”

“மாட்டுத் தொழுவம்தான் சார். கெணத்துல எட்டுல ஒரு பாகமும் சேத்து.”

குமாஸ்தா காப்பியை நீட்டினார். குடித்தேன். குடும்ப வழியில் ஆதாயம் உள்ளவன் என்ற என்னுடைய இலக்கணப்படி, என் வீட்டுப் பத்திரத்தை நானும் திருடியிருக்கிறேன்.

திங்கட்கிழமை முதலாளி வருவதற்கு முன்பே கிட்டங்கி வாசலில் நின்றேன். இரண்டாவது அறிக்கை ஒரு பக்கம்தான் வந்தது. தப்பு நம்முடையதாக இருக்கும்போது எழுத்து சுருங்கிவிடுகிறது. அவர் நின்றுகொண்டே படித்தார்.

“அப்ப யார் மேல சார் நடவடிக்கை எடுக்கது?”

“என் மேல.”

“நீங்க சம்பளப் பட்டியல்லயே இல்லையே, நிறுத்துறதுக்கு.” சிரிக்கப் பார்த்தார், என் முகத்தைக் கண்டு விட்டுவிட்டார். “எங்க வீட்டு மனையுமா போச்சு?”

“உங்க மனை, என் வீடு, எல்லாம். பழையதுல பத்திரமா இருக்கு. அந்தப் பொண்ணு அழிக்காம விட்டதால.”

அவரே அவளுக்குப் போன் செய்தார். செவ்வாய்க்கிழமை வந்தாள். வந்தவள் தன் இடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டுப் பையையும் கீழே வைக்கவில்லை. என் இரண்டாவது அறிக்கையை வாங்கிப் படித்தாள்.

“மொத அறிக்கை எங்க சார்?”

“முதலாளிகிட்ட இருக்கு. வாங்கிக் கிழிச்சிடுதேன்.”

“கிழிக்காதிய.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“நீங்க கிழிச்சா, அத ஏற்கெனவே படிச்சவங்க மனசுல அப்படியே கெடக்கும். இந்தப் பத்திரத்த அந்தப் பத்திரம் ரத்துப் பண்ணுதுன்னு எழுதுவாங்கல்லா, அது மாதிரி எழுதுங்க. இன்ன தேதியில நான் குடுத்த அறிக்கை தப்பு, அதுல சொன்ன ஆளு மேல குத்தம் இல்ல, குத்தம் இன்னாருதுன்னு. ரெண்டையும் ஒண்ணா கோத்து வைங்க. எனக்கு ஒரு நகல் வேணும். உண்மை நகல்னு கையெழுத்துப் போட்டு.”

விடுதலைப் பத்திரத்தால் வழக்கு நடக்கும் வீட்டு மருமகள். எழுதியதைக் கிழித்தால் தீராது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கேட்டது நடைமுறைப்படி முற்றிலும் சரி. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

எழுதித் தருகிறேன் என்றேன். முதலில் இன்டெக்ஸை நகலெடுக்கும் வேலையை முடித்தோம். புதிய இன்டெக்ஸைக் காலி செய்து, ஒவ்வொரு அடையாளத்துக்கும் முன்னால் ஊரின் முதல் எழுத்தைச் சேர்த்தாள். அதே அடையாளம் உள்ளே ஏற்கெனவே இருந்தால் மேலெழுதாமல் நின்று சொல்ல வேண்டும் என்றும் கட்டளை கொடுத்தாள். இப்படி ஒரு கட்டளை இருப்பது முன்பே தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். இப்படி ஓர் எண் முறை இருப்பது உங்களுக்குத் தெரியாதா என்று அவள் கேட்பாள். வாயை மூடிக்கொண்டேன்.

மாலைக்குள் இரண்டும் ஏறி முடிந்தன. மேலெழுதியவை பூஜ்யம். முரண்பாடு பூஜ்யம். இரண்டு பழைய எண்ணிக்கைகளையும் தாளில் நானே கூட்டிப் புதியதோடு வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொரு முறை கூட்டினேன். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. ராஜபாளையத்து எழுநூற்றுப் பன்னிரண்டை அடித்தாள். தென்னந்தோப்பு வந்தது, மாமனார் பெயரோடு. வக்கீலுக்கு அவளே போன் செய்து சொன்னாள்.

பிறகு ரத்து அறிக்கையை எழுதினேன். பக்கத்தில் அவளுக்கான நகல். அவள் நகலைத் தன் முன்னால் வைத்து, முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டாள்.

“படிங்க சார்.”

“நானா?”

“மூலம் ஒங்க கையிலதான இருக்கு. நீங்க படிங்க, நான் ஒப்பிடுதேன்.”

படித்தேன். அறையில் தட்டச்சுப் பெண்கள் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முதலாளி கதவோரம் நின்றார். ‘என் சந்தேகத்துக்கு ஆதாரமாக நான் கொண்டது அவருடைய மாமனாரின் பெயர் ஒன்றே. பிழைக்குக் காரணமான அடையாள முறையை எழுதிக் கொடுத்தவன் நானே. மேற்படி பணியாளர் மீது எந்தக் குற்றமும் இல்லை.’ அவள் விரல் அந்த வரியில் நின்றது.

“அந்த வரிய இன்னொரு தடவ படிங்க.”

“கேக்கலையா?”

“கேட்டுச்சு. படிங்க.”

மறுபடியும் படித்தேன், கொஞ்சம் உரக்க. அவள் விரலை நகர்த்தினாள். கடைசி வரி வந்ததும் நகலின் அடியில் ‘எழுதியவர், படித்தவர்’ என்ற இரண்டு இடங்களில் நான் கையொப்பமிட்டேன். மூன்றாவதில் அவள் போட்டாள். நகலை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மணியைப் பார்த்தாள். சேத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.